காசு மாற்றுவோர் வீதியில் திருப்பயணிகள்

எருசலேம் பழைய நகரின் யாப்பா வாயிலைக் கடந்து உள்ளே அடி வைக்கும் திருப்பயணி, தாவீதின் கோட்டை என வழங்கும் பழைய காவற்கோட்டையை வலப்பக்கம் காண்கிறான். அதற்கப்பால் கடைத்தெரு தொடங்குகிறது. ஓர் ஆள் உட்காரவும் ஓர் ஆள் நிற்கவும் மட்டுமே இடமுள்ள சிறு கடைகளும் அங்கே உண்டு. கண்ணாடிக்குப் பின்னே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே டாலர், யூரோ, தினார் என்று வரிசையாக எண்கள். இவை நாணயம் மாற்றும் கடைகள். டமாஸ்கஸ் வாயில் வழியாக வந்தாலும் இதே காட்சிதான். கோவில் மணியோசையும் தொழுகை அழைப்பும் போலவே காசு எண்ணும் ஓசையும் அந்நகரின் பழைய ஓசைகளுள் ஒன்று. நம் ஆண்டவர் அவ்வீதிகளில் நடந்த நாளிலேயே அது அங்கே இருந்தது.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தவக்காலம் தொடங்குமுன், எங்கள் மறைமாவட்டத்தின் சில பங்குகளிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் யோர்தான், புனித நாடு, எகிப்து ஆகிய மூன்றையும் பத்து நாள்களில் தரிசித்து வந்தோம். எங்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தனர். கடற்கரைப் பங்குகளின் மீனவக் குடும்பத்தார் இருந்தனர். பல ஆண்டு சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்த கைம்பெண்கள் இருந்தனர். பெரும்பாலோர்க்கு அது முதல் விமானப் பயணம். வாழ்நாளில் ஒரே வெளிநாட்டுப் பயணமும் அதுவாகவே இருக்கக்கூடும். புறப்படுமுன் நடந்த கூட்டத்தில் குளிரைப் பற்றிக் கேட்டார்கள், செருப்பைப் பற்றிக் கேட்டார்கள், ஊறுகாய் கொண்டுபோகலாமா என்றும் கேட்டார்கள். பணத்தைப் பற்றி எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு கொண்டுபோக வேண்டும்? அதை எங்கே வாங்குவது, எந்த நாட்டு நாணயமாக வாங்குவது, எப்படி மாற்றுவது என்று எவரும் கேட்கவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போவது அந்தக் கேளாத கேள்விகளின் வழியாகத்தான்.

2023 அக்டோபரில் போர் மூண்டபின் புனித நாட்டுப் பயணங்கள் பெரிதும் தடைப்பட்டுப் போயின என்பதை வாசகர் அறிவர். செல்ல எண்ணுவோர் நம் அயலுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்தபின்பே முன்பணம் கட்டவேண்டும். உரோமை, லூர்து, பாத்திமா ஆகிய திருத்தலங்களுக்குச் செல்வோர்க்கும் கீழே சொல்வனவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். அவர்கள் பாடு இன்னும் எளிது; இத்தாலி, பிரான்சு, போர்த்துக்கல் மூன்றிலும் யூரோ ஒன்றே செல்லும். வத்திக்கானிலும் அதுவே.

நம் தந்தையர் காலத்தில் இந்தக் கவலையே இல்லை. 1960-களில் வெளிநாடு செல்லும் இந்தியர் கையோடு கொண்டுபோக இசைவு பெற்ற தொகை எட்டு டாலர். அதை எங்கே மலிவாக வாங்குவது என்று எவர் ஆராய்வார்! 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பிடியை மேலும் இறுக்கிற்று. அதன் இடத்தில் 1999-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2000 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்ப இடமளித்தது. இப்போது அந்த வரம்பு 2,50,000 டாலர். தாள் நோட்டாக மட்டும் ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்க இயலாது. நம் பங்குக் குடும்பங்களுக்கு இந்த வரம்புகள் எட்டாத உயரம். ஐந்நூறு டாலர் வாங்குகிறவருக்குச் சட்டம் தடையில்லை, விலைதான் தடை.

விலை என்றோம். டாலருக்கும் விலை உண்டு. தக்காளிக்கு இருப்பது போலவே கடைக்குக் கடை வேறுபட்ட விலை. செய்தித்தாளில் காணும் மதிப்பு பெரும் வங்கிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் மொத்த விலை. நமக்கு விற்பவர் அதன்மேல் தம் ஆதாயத்தை ஏற்றி விற்பார். நம்மிடம் திரும்ப வாங்கும்போது அதனினும் குறைத்து வாங்குவார். இந்த இரு விலைகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. இதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் "கமிஷன் இல்லை" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகையைக் கண்டு மகிழ்பவர் அந்தப் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. கூலியே கேளாதவர் விலையிலேயே கூலியைச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் சென்றபோது டாலரின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 71 ரூபாய். எங்கள் நகரத்தில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ஒரு நாணயமாற்று நிலையம் 71 ரூபாய் 80 காசுக்கு விற்றது. எங்களோடு வந்த ஆசிரியர் ஒருவர், "விமான நிலையத்தில்தான் கூட்டமில்லாமல் நிதானமாக வாங்கலாம்" என்று காத்திருந்து, அங்கே 76 ரூபாய்க்கு வாங்கினார். ஐந்நூறு டாலருக்கு நகரத்தில் 35,900 ரூபாய். விமான நிலையத்தில் 38,000 ரூபாய். நிதானத்தின் விலை 2,100 ரூபாய் ஆயிற்று. இந்த மாற்றுக்கு அரசு வாங்கும் சரக்கு சேவை வரியோ மிகச் சிறிது. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை, அது குறைந்தது 250 ரூபாய் என்று வைத்து, அதன்மேல்தான் 18 விழுக்காடு கணக்கிடுவர். 35,900 ரூபாய்க்கு வரி சுமார் 65 ரூபாய். வரியைப் பற்றி முணுமுணுப்பவர்கள் விலையைப் பற்றி வாய் திறவாதது விந்தையே.

ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி, "டாலர் என்ன விலை?" என்பதன்று, "கமிஷன் உண்டா?" என்பதுமன்று. "ஐந்நூறு டாலர் என் கையில் வருவதற்கு எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தரவேண்டும்?" என்பதே. இதே கேள்வியை இரண்டு வங்கிகளிலும் இரண்டு உரிமம் பெற்ற நிலையங்களிலும், ஒரே நாளில், தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் வாங்குவதாகச் சொன்னால் விலை சற்று இறங்கும். எங்கள் பங்கில் பதினோரு பேர் அவ்வாறு செய்து டாலருக்கு 25 காசு குறைத்துக்கொண்டனர். கடவுச்சீட்டு, பான் அட்டை, பயணச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். தொகை 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ரொக்கமாகக் கொடுக்கலாகாது. காசோலை அல்லது வங்கிக் கணக்கு வழியாகத்தான். இரசீதைக் கிழித்தெறியாமல் கடவுச்சீட்டோடு வையுங்கள்.

உரிமம் இல்லாமல் வீட்டிலும் துணிக்கடை மாடியிலும் டாலர் விற்பவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. விலை சற்றே குறைவுதான். ஆனால் அங்கே இரசீது இல்லை. நோட்டு போலியாக இருந்தால் கேட்க நாதியில்லை. வாங்குபவரும் சட்டத்தை மீறியவராகிறார். திருப்பயணத்தின் முதல் அடியை அந்த மாடிப்படியில் வைக்கவேண்டுமா என்று ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பயணம் மூன்று நாடுகளுக்கு. அப்படியானால் யோர்தான் தினாரும் இஸ்ரயேல் செக்கேலும் எகிப்தியப் பவுனும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். நம் ஊரில் அவற்றைக் கேட்பவர் அரியர். கேட்பாரற்ற சரக்கை வைத்திருப்பவர் அதன்மேல் மிகுந்த ஆதாயம் வைத்தே விற்பார். டாலராகவே கொண்டுபோய் அந்தந்த நாட்டில் வேண்டியதை மட்டும் மாற்றுவதே இலாபம். இரண்டு மாற்றல் என்பது உண்மையே. ஆயினும் இரண்டு சிறிய நட்டங்கள் சேர்ந்தும் ஒரு பெரிய நட்டத்துக்கு ஈடாகவில்லை. நம் ரூபாயை மட்டுமே நம்பிப் போவது மடமை. ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டுகளை வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் திரும்பி வந்தபின் வீடு சேர்வதற்கான பேருந்துக் கட்டணத்துக்குத்தான் அது உதவும்.

டாலர் நோட்டுகளைக் கையில் வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடிப்புக் கிழிசல், மைக்கறை, முத்திரைக் குத்து, ஊசித் துளை ஆகியவை உள்ளவற்றை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாம் கட்டுக்கட்டாக ஊசி குத்திப் பழகியவர்கள். மேற்காசியாவின் கடைக்காரர்கள் அத்தகைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவர். தலைவரின் படம் சிறியதாக அச்சிட்ட பழைய நூறு டாலர் நோட்டுகளையும் பலர் ஏற்பதில்லை. பெரிய நோட்டுக்கு மாற்று விகிதம் சற்று மேலானது. சிறிய நோட்டு அன்றாடம் உதவுவது. ஓட்டல் பணியாளர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் கொடுக்க ஒற்றை டாலர் நோட்டுகள் இருபதேனும் வேண்டும்.

அம்மான் நகரில் இறங்கியபோது பொழுது விடியவில்லை. குளிர் எலும்பைத் துளைத்தது. யோர்தான் நாட்டுத் தினாரில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1995 முதல் அந்நாடு தன் தினாரை டாலரோடு பிணைத்து வைத்திருக்கிறது, டாலருக்கு 0.709 தினார் என்பது நடுமதிப்பு. ஆகவே நூறு டாலருக்கு 70 தினாரும் கொஞ்சம் சில்லறையும் கிடைப்பதே நியாயம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விலை அங்கே ஆடுவதில்லை. எவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பதை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் விரலால் கணக்கிட்டுவிடலாம். விமான நிலைய முகப்பில் ஒருவர் நூறு டாலருக்கு 66 தினார் கொடுத்தார்; அம்மான் நகரக் கடைத்தெருவில் 70 தினார் 70 கிர்ஷ் கிடைத்தது. நெபோ மலையும் மதபா நகரின் கல்பதித்த பழைய வரைபடமும் பார்க்க ஒன்றரை நாளே இருந்தபடியால் தலைக்கு இருபது, முப்பது டாலருக்கு மேல் எவரும் மாற்றவில்லை. தரைவழியாக நாட்டைவிட்டு வெளியேறும்போது எல்லையில் பத்துத் தினார் வரி உண்டு. பயணத்தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

யோர்தான் ஆற்றை வடக்குப் பாலத்தின் வழியாகக் கடந்து கலிலேயாவுக்குள் நுழைந்தோம். பேருந்தில் ஏறிய உள்ளூர் வழிகாட்டி மிக நல்ல மனிதர்; விவிலியத்தை விரல்நுனியில் வைத்திருந்தார். ஒலிபெருக்கியை எடுத்தவுடன், "கடைகளைத் தேடி அலையவேண்டாம், செக்கேல் நானே தருகிறேன், நூறு டாலருக்கு 330" என்றார். அன்றைய சந்தை மதிப்பு 360-ஐ ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொரு பேர் நூறு நூறு டாலர் நீட்டினர். பேருந்து நசரேத்துக்குப் போய்ச் சேருமுன் ஏறத்தாழ அறுநூறு செக்கேல் கைமாறிவிட்டது. எவரையும் ஏமாற்றியதாக அவர் நினைத்திரார்; வசதிக்குக் கூலி என்பார். ஆனால் அந்த இருபத்தொரு பேரில் ஒருவரேனும் சந்தை மதிப்பை அறிந்து, அந்தக் கூலிக்கு மனமொப்பிக் கொடுத்தார்களா என்றால், இல்லை.

கப்பர்நாகூம் கரையிலே நின்றபோது அந்த ஊரில் நடந்த ஒரு காசு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. கோவில் வரி தண்டுவோர் வந்து புனித பேதுருவிடம், "உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா?" என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அவரைக் கடலுக்கு அனுப்பித் தூண்டில் போடச் சொல்கிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு காசு இருக்கும். அதை இருவருக்குமாகச் செலுத்தும்படி சொல்கிறார். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்தக் காசின் பெயர் ஸ்தாத்தேர்; நான்கு திராக்மா பெறுமானமுள்ள வெள்ளி. கோவில் வரியோ ஆளுக்கு இரண்டு திராக்மா, அதாவது அரைச் செக்கேல். ஆண்டவருக்கு ஒன்று, பேதுருவுக்கு ஒன்று. கணக்கு மிச்சமின்றி முடிகிறது. கரையோர உணவு விடுதிகள் அந்த மீனை இன்றும் "பேதுருவின் மீன்" என்று சொல்லி முழுசாகப் பொரித்துத் தலையோடு தட்டில் வைக்கின்றன. எங்கள் மீனவச் சகோதரர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டை அல்லவா?" என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னது சரியே. அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

அந்த அரைச் செக்கேல் வரியே எருசலேம் கோவிலின் வளாகத்துக்குள் நாணயம் மாற்றுவோரைக் கொண்டுவந்தது. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் அதைச் செலுத்தவேண்டும் என்பது விடுதலைப் பயண நூலின் சட்டம். உரோமையரின் காசில் பேரரசன் உருவம் இருந்தமையால் கோவிலில் அது செல்லாது என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் கோவில் விரும்பி ஏற்ற தீர் நகரத்து வெள்ளிக் காசிலோ மெல்கார்ட் என்னும் புறத்தெய்வத்தின் தலையும் மறுபுறம் கழுகும் இருந்தன! அதை ஏற்றதற்குக் காரணம் வெள்ளியின் தூய்மையே: ஏறத்தாழ 14 கிராம் எடை, கலப்பு மிகக் குறைவு. ஊர் ஊராக வந்த மக்கள் தம் கையிலிருந்த பலவகைக் காசுகளைத் தந்து தீர் நகரத்துக் காசை வாங்கவேண்டியிருந்தது. யூதர்களின் மிஷ்னா என்னும் மரபு நூல் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. பாஸ்காவுக்கு முந்தைய மாதமாகிய ஆதாரின் 15-ஆம் நாள் வெளியூர்களிலும், 25-ஆம் நாள் கோவிலிலும் மாற்றுவோரின் மேசைகள் போடப்படும் என்று அது கூறுகிறது. மாற்றுக்கூலிக்குக் கோல்போன் என்று பெயர்.

ஊரில் பத்து நாள் முன்னதாகவே மேசை போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தன் ஊரிலேயே மாற்றிக்கொண்டு வந்தவன் கோவில் வாசலில் நெருக்கப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாசரேத்து விவசாயிக்குத் தெரிந்திருந்த இந்த விவேகம், விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் நமக்குத் தெரியாமற் போயிற்று.

கோவில் இருந்த மேடையின் தென்மேற்கு மூலையில் இன்று ஓர் அகழாய்வுப் பூங்கா இருக்கிறது. ஏரோது காலத்துக் கல்பாவிய தெரு அங்கே வெயிலில் கிடக்கிறது. கி.பி. 70-இல் உரோமைப் படை மேலேயிருந்து தள்ளிய பெருங்கற்கள் விழுந்த இடத்திலேயே குவியலாகக் கிடக்க, அவற்றின் கீழே தெருக்கற்கள் அமிழ்ந்து போயிருக்கின்றன. தெருவை ஒட்டிச் சிறு சிறு அறைகள், அவை கடைகளாம். மேலே தென்புறத்தில் ஏரோது எழுப்பிய நீண்ட தூண்மண்டபத்தில்தான் நாணய மேசைகள் இருந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எங்களுடன் வந்த குருவானவர் அங்கேயே நின்று யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். கயிற்றால் சாட்டை பின்னியதும், காசுகள் சிதறியதும், மேசைகள் கவிழ்ந்ததும் அந்த வெயிலில் கண்முன் வந்தன.

நாணயம் மாற்றும் தொழிலையே ஆண்டவர் வெறுத்தார் என்று அதிலிருந்து கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நம் கருத்து. தாலந்து உவமையில், பணத்தைப் புதைத்து வைத்த ஊழியனைக் கடிந்துகொள்ளும் தலைவன், அதை வட்டிக்கடையில் கொடுத்து வைத்திருக்கலாமே என்கிறான். அங்கே மத்தேயு வழங்கும் கிரேக்கச் சொல் மேசை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கிரேக்க நாட்டில் வங்கிக்கு இன்றும் மேசை என்றே பெயர்: திராப்பேசா. பழைய திருச்சபைத் தந்தையரும், நல்ல காசையும் கள்ளக் காசையும் விரல் தொட்ட மாத்திரத்தில் பிரித்தறியும் மாற்றுநனின் திறமையைக் கிறிஸ்தவனின் தேர்ந்து தெளியும் அறிவுக்கு உவமையாகச் சொன்னார்கள். மேசை கவிழ்ந்தது, அது போடப்பட்ட இடத்தினாலும், செபிக்க வந்த எளியவனின் அவசரத்தை ஆதாயமாக்கிய நெஞ்சத்தினாலும்.

டமாஸ்கஸ் வாயிலுக்குள் இருந்த ஒரு கடையில் நாங்கள் நூறு டாலருக்கு 357 செக்கேல் வாங்கினோம். பேச்சு அதிகமில்லை. முதியவர் ஒருவர் கணக்குப் பொறியில் எண்ணை அழுத்தி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், நாங்கள் தலையசைத்தோம், இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். இரண்டு கடை தள்ளி 352 என்றார்கள். சில்லறை வணிகர்களும் டாலரை வாங்கிக்கொள்வர். ஆனால் அவர்கள் ஒரு டாலரை மூன்று செக்கேலாக எண்ணுவர். ஒரு செபமாலைக்கு இது பெரிதன்று. பத்து வீடுகளுக்குப் பத்துச் செபமாலை வாங்கும்போது தெரியும். (செக்கேலும் சாமானிய நாணயமன்று. 1985-இல் பணவீக்கம் தாங்காமல் ஆயிரம் பழைய செக்கேலை ஒரு புதிய செக்கேலாக்கினார்கள். இன்று வழங்குவது அந்தப் புதிய செக்கேல்.)

பெத்லகேம் எருசலேமிலிருந்து பத்துக் கிலோமீட்டரும் இல்லை. ஆயினும் இடையே சுவரும் சோதனைச் சாவடியும் உண்டு. அங்கே பாலஸ்தீனர் ஆட்சி. ஆனால் பாலஸ்தீனத்துக்கெனத் தனி நாணயம் கிடையாது. 1994-இல் பாரீசில் கையெழுத்தான பொருளாதார உடன்பாட்டின்படி அங்கேயும் செக்கேலே வழங்குகிறது. தினாரும் டாலரும் கூடச் செல்லும். ஒலிவ மரத்தில் சுரூபம் செதுக்குவது அவ்வூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் பரம்பரைத் தொழில். திருப்பயணி வராவிடில் அடுப்பு எரியாது என்ற நிலையில் வாழ்பவர்கள் அவர்கள். 2023-க்குப் பிறகு அவர்களில் பலர் கடையைப் பூட்டி வைக்க நேர்ந்தது. அவர்களிடம் பேரம் பேசுங்கள், ஆனால் கசக்காதீர்கள். டாலரைவிடச் செக்கேலாகக் கொடுத்தால் இரு தரப்பாருக்கும் கணக்கு நேராக இருக்கும்.

பெத்லகேம் கடையொன்றில்தான் வங்கி அட்டையின் ஒரு தந்திரத்தைக் கண்டோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் திருக்குடும்பச் சுரூபத்துக்குத் தம் அட்டையை நீட்டினார். கருவியின் திரையில் இரண்டு கட்டம்: செக்கேலில் செலுத்துவதா, இந்திய ரூபாயில் செலுத்துவதா? அந்நிய மண்ணில் நம் ரூபாயின் பெயரைக் கண்டதும் மனம் குளிர்கிறது. விரல் தானாக அதன்மேல் போகிறது. அதை அழுத்தினால் அந்தக் கருவியின் சொந்தக்காரர் வைத்த விலையில் மாற்றம் நடந்துவிடும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானதே. எந்நாட்டில் இருக்கிறோமோ அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் எடுக்கும் பொறிகளிலும் இதே கேள்வி வரும், இதே விடைதான். அவ்வாறு செய்தாலும் நம் வங்கிகள் பல, வெளிநாட்டுச் செலவின்மேல் 3.5 விழுக்காடு வரை கூலியும் அதன்மேல் வரியும் பிடிக்கும். டாலர் நிரப்பிய பயண அட்டையைச் செக்கேல் நாட்டில் தேய்த்தாலும் மாற்றுக்கூலி உண்டு. ஆகவே மூன்று நாட்டுப் பயணத்தில் அட்டையை நோய்நொடிக்கும் அவசரத்துக்கும் காவலாக வைத்துக்கொண்டு, அன்றாடச் செலவுக்கு நோட்டையே நம்புவது நன்று. உரோமைக்கு மட்டும் செல்வோர் யூரோ நிரப்பிய அட்டையைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். எந்த அட்டையானாலும், 2020 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வெளிநாட்டில் செல்லுமாறு அதை நாமே திறந்துவிட்டால்தான் செல்லும். அதைப் புறப்படுமுன் செய்துவிடுங்கள்.

இனி ஒரு முக்கியமான செய்தி. திருப்பயணம் போகிறார் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து, "கல்லறைக் கோவிலில் போட்டுவிடுங்கள்" என்று பத்து, ஐம்பது, நூறு என்று கையில் திணிப்பார்கள். பிள்ளையில்லாதவள் தருவாள், வேலை தேடும் மகனுக்காகத் தாய் தருவாள். எங்கள் குழுவில் ஒரு மூதாட்டியின் சுருக்குப்பையில் இப்படி வந்தது மட்டும் 4,200 ரூபாய். அவற்றை அப்படியே ரூபாய் நோட்டாகக் கொண்டுபோய் உண்டியலில் போட்டால் அங்குள்ள பிரான்சிஸ்கன் சபையார் அதை என்ன செய்வார்கள்? நம் சில்லறை நோட்டுகள் அங்கே வெறுங்காகிதத்துக்குச் சற்றே மேல். எங்கள் பங்குத்தந்தை முன்யோசனை உள்ளவர். எல்லாருடைய நேர்ச்சைக் காணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் பெயர் பெயராக எழுதச் செய்தார். ஒவ்வொருவரும் அந்த ரூபாயைத் தம் செலவுப் பணத்தோடு சேர்த்து டாலர் வாங்கினர். எருசலேமில் அதன் பங்கைச் செக்கேலாகக் கொடுத்தனர். ஏடு மட்டும் கல்லறையின் முன் வைக்கப்பட்டு ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட்டது. அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

1217 முதல் பிரான்சிஸ்கன் துறவியர் அந்த மண்ணில் இருக்கின்றனர். புனித இடங்களின் காவலை 1342-இல் திருத்தந்தை ஆறாம் கிளமெந்து அவர்களிடம் ஒப்படைத்தார். பெரிய வெள்ளியன்று உலகெங்கும் திரட்டப்படும் காணிக்கை புனித நாட்டுக்கே போகிறது. பயணம் போக இயலாதவர் அன்று நம் பங்குக் கோவிலிலேயே ரூபாயாகப் போடலாம். மாற்றுக்கூலிக் கவலை அவர்களுக்கு இல்லை.

எகிப்தில் மூன்று நாள். பழைய கெய்ரோவில் திருக்குடும்பம் தங்கியதாக மரபு கூறும் அபு செர்கா கோவிலின் நிலவறையைத் தரிசித்தோம். அந்நாட்டுப் பவுனின் கதை துயரமானது. 2016 நவம்பரில் அரசு அதைச் சந்தையின் போக்குக்கு விட்டதும் மதிப்பு பாதியாயிற்று; நாங்கள் போனபோது டாலருக்குச் சுமார் 17 பவுன்; 2024 மார்ச்சில் மீண்டும் விட்டபோது ஒரே நாளில் 31-இலிருந்து 50-ஐ நெருங்கியது. அத்தகைய நாட்டில் தெருவோரத்தில் ஒருவர் வந்து காதோடு காதாக மேலான விலை சொல்வார். அது குற்றம்; நோட்டு மறைந்து காகிதம் கையில் தங்குவதும் உண்டு. விமான நிலையம் என்றாலே விலை அதிகம் என்ற விதிக்கு கெய்ரோ விலக்கு. அங்கே வங்கிகளே கிளை வைத்திருப்பதால் நகர விலையே கிடைத்தது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். எல்லை தாண்டினால் அந்தப் பவுனை வாங்குவாரில்லை.

பயணத்தொகை கட்டும்போது முகவர் "டி.சி.எஸ்." என்று ஒரு தொகை பிடிப்பார். அது செலவன்று, உங்கள் பெயரில் அரசுக்குச் செலுத்தப்படும் முன்வரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி கட்டவேண்டாத எளியவருக்கு அது முழுவதும் திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விட்டு ஆயிரக்கணக்கில் இழப்பவர் நம் பங்குகளில் பலர். இரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பங்கில் கணக்குத் தெரிந்த ஓர் இளைஞரைக் கொண்டு தாக்கல் செய்துவிடுங்கள். விழுக்காடு அவ்வப்போது மாறுகிறது. கட்டும் நாளில் கேட்டறிக.

திரும்பி வந்தபின் மீந்த டாலரை விமான நிலையத்திலேயே விற்கும் அவசரம் எவருக்கும் வேண்டாம். 180 நாளுக்குள் விற்கலாம். 2,000 டாலர் வரை விற்காமலே வைத்திருக்கவும் சட்டம் இடம் தருகிறது. வாங்கிய நிலையத்துக்கே இரசீதோடு போனால் ஓரளவு நல்ல விலை கிடைக்கும். உலோகக் காசுகளை எவரும் வாங்குவதில்லை. அவற்றை வைத்திருக்க வரம்பும் இல்லை. எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் இப்போது ஒரு சிறு டப்பா நிறைய அவை உள்ளன. ஒரு செக்கேல் காசைப் பிள்ளைகள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கின்றனர். அதன்மேல் லீலி மலரொன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.